மூன்று சென்ட்

வீடு கட்டப் பணம் என்றைக்கும் இருந்திருக்கிறது. நான் இந்த வேலைக்கு வந்தபோது இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. 2010-இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தது. ஆட்சி மாறியதும் 300 சதுர அடியில் பசுமை வீடு. அதன்பின் பிரதமரின் பெயரில் ஊரகத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று. 2024-இல் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தரும் கலைஞரின் கனவு இல்லம். பெயர் மாறியது, அளவு மாறியது, தொகை கூடியது. எல்லா விண்ணப்பங்களிலும் ஒரு கேள்வி மட்டும் அப்படியே நின்றது: மனைப் பட்டா உண்டா?

திண்டிவனம், மயிலம், மரக்காணம், வானூர் பக்கத்து ஏரிக்கரைகளிலும் வாய்க்கால் மேடுகளிலும் குடிசை போட்டிருக்கும் இருளர் குடும்பங்களுக்கு அந்தக் கேள்வியோடு விண்ணப்பம் முடிந்துவிடும். தோப்புக் காவலுக்கு, செங்கல் சூளைக்கு, அரிசி ஆலைக்கு, கரிமூட்டத்துக்கு என்று யார் கூப்பிட்டார்களோ அவர் நிலத்து ஓரத்தில் குடியிருந்தவர்கள் இவர்கள். வேலை தீர்ந்ததும் எழுப்பிவிடப்பட்டவர்கள். நகரத் திட்டத்தில், சொந்த மனையில் தானே வீடு கட்டிக்கொள்பவருக்கு மத்திய அரசு 1.50 லட்சம் ரூபாயும் மாநில அரசு தன் பங்கும் தருகின்றன. மனை இல்லாதவருக்கு அந்தப் பிரிவில் எதுவுமில்லை. அதாவது கொஞ்சம் இருப்பவருக்கு உதவி உண்டு, ஒன்றுமே இல்லாதவருக்கு இல்லை. அதனால் எங்கள் சிறிய அறக்கட்டளை வீடு கட்டுவதை முதல் வேலையாக எடுத்துக்கொண்டதில்லை. எங்கள் வேலை நிலம் தேடுவது. இன்னும் சரியாகச் சொன்னால், அரசிடம் இருக்கும் நிலத்தை அரசுக்கே காட்டுவது.

இந்தப் பக்கத்தில் இதற்கு வழிபோட்டவர்கள் எங்களுக்கு முன்பே இருந்தார்கள். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்நின்று நடத்திய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம், பொய் வழக்குகளை எதிர்த்தும் சாதிச் சான்றிதழ் கேட்டும் போராடிய காலத்திலேயே மனைப் பட்டாவையும் கேட்டது. மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை நான் அங்கிருந்துதான் கற்றுக்கொண்டேன். நிலையான முகவரி இல்லாதவரைப் போலீஸ் எளிதில் பிடித்துப் போகும். முகவரி வேண்டுமென்றால் மனை வேண்டும். மனை வேண்டுமென்றால் பழங்குடிச் சான்று வேண்டும். அந்தச் சான்றைத் தாசில்தார் தர முடியாது, கோட்ட அளவில் சார் ஆட்சியரோ கோட்டாட்சியரோதான் தர வேண்டும். விசாரணைக்கு வரும் அதிகாரி முதலில் கேட்பது, “எந்த ஊர், எந்தத் தெரு?”

மனு எழுதுவதைப் பற்றி முதலில் சொல்கிறேன். “குடியிருக்க இடம் தந்து உதவுங்கள்” என்று எழுதினால் சில மாதங்களில் “இக்கிராமத்தில் ஒப்படை செய்யத் தகுந்த அரசு நிலம் ஏதுமில்லை” என்று பதில் வரும். அந்தப் பதிலைத் தயாரிப்பவர் கிராம நிர்வாக அலுவலர். ஊரில் அவர் தினமும் முகம் பார்க்க வேண்டியவர்கள் வேறு. அவர்களில் ஒருவர் அரசுத் தரிசில் சவுக்கு போட்டிருப்பார், இன்னொருவர் மாட்டுக்கொட்டகை கட்டியிருப்பார். ஆகவே “இந்தக் கிராமத்தில், இந்தப் புல எண்ணில், இத்தனை ஏர் தரிசு இருக்கிறது, அதில் எங்களுக்கு இவ்வளவு வேண்டும்” என்று எழுத வேண்டும். புல எண் போட்டு எழுதிய மனுவுக்கு “இல்லை” என்று ஒரு வரியில் பதில் தர முடியாது. ஏன் இல்லை என்று எழுதியாக வேண்டும். அந்தக் காரணத்தைக் காகிதத்தில் வாங்குவதுதான் முதல் வெற்றி.

புல எண் எங்கே கிடைக்கும்? அ-பதிவேட்டில். இப்போது இணையத்திலேயே பார்க்கலாம். அன்றைக்கு விஏஓ அலுவலகத்தின் மர பீரோவில் துணிக்கட்டு அவிழ்த்துத்தான் பார்க்க வேண்டும். நான் பழகிய ஒரு முதிய விஏஓ, ஓய்வுபெறும் தறுவாயில் இருந்தவர், எனக்கு அதை வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். விரலை வரிசையாக ஓட்டிக்கொண்டே போவார். “இது நன்செய், பட்டா நிலம், விடும்மா. இது வண்டிப்பாட்டை. இது களம், கேட்டா ஊரே திரண்டு வரும். இது மேய்க்கால், கேக்கலாம், ஆனா மெட்ராஸ் வரைக்கும் போகும். இது தீர்வை ஏற்பட்ட தரிசு. இத எழுதிக்கோ.” கடைசிக் கலத்தில் குறிப்பு என்று ஒன்று இருக்கும். பலரும் பார்க்காமல் விடும் இடம் அது. சுடுகாடு, குட்டை, பள்ளிக்கு ஒதுக்கியது என்றெல்லாம் அங்கே சின்ன எழுத்தில் இருக்கும்.

வருவாய்த்துறையின் கண்ணில் வெறும் நிலம் என்று எதுவும் கிடையாது. நத்தம் என்றால் குடியிருக்க என்றே பிரித்தது, அதில் இடமிருந்தால் அதைவிட எளிது வேறில்லை. கல்லாங்குத்தும் தரிசும் கேட்கலாம். மேய்க்காலும் மந்தைவெளியும் ஊர்ப் பொதுவுக்கானவை. அவற்றை வகைமாற்றம் செய்தால்தான் மனையாக்க முடியும். அதற்கு ஊராட்சித் தீர்மானம், கால்நடைத் துறையின் கருத்து, மேய்ச்சலுக்கு மாற்று நிலம் என்று கோப்பு நீண்டு, கடைசியில் சேப்பாக்கம் எழிலகத்தில் நில நிர்வாக ஆணையர் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஊர்ப் பொது நிலங்களைக் காக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் சொன்னபின் அதிகாரிகளின் கை இன்னும் இறுகியது. அந்தத் தீர்ப்பு சரியானது என்றே நினைக்கிறேன். பொது நிலத்தை வளைத்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள் அல்லர். நிலமற்ற உழைப்பாளர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அரசு முறைப்படி ஒதுக்குவதை அந்தத் தீர்ப்பே விதிவிலக்காகச் சொல்கிறது. கோப்பை மறுக்கும்போது முதல் பாதியை மேற்கோள் காட்டுவார்கள். நாங்கள் இரண்டாம் பாதியை அடிக்கோடிட்டு மனுவோடு இணைப்போம்.

அரசு நிலமே இல்லாத ஊர்களும் உண்டு. அங்கே ஆதிதிராவிடர் நலத்துறை தனியார் நிலத்தை வாங்கி மனை பிரித்துத் தர வேண்டும். அதற்கென்றே தமிழ்நாட்டில் 1978-இல் ஒரு தனிச் சட்டம் வந்தது, 31-ஆம் எண் சட்டம். நடைமுறை சுருக்கம், தனி வட்டாட்சியர் ஒருவர் அதற்கென்றே இருப்பார். 2013-இல் மத்திய அரசின் புதிய நிலமெடுப்புச் சட்டம் வந்தபின், இந்த மாநிலச் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற வழக்கு நடந்தது. 2019-இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. மாநில அரசு புதிதாக ஒரு சட்டம் இயற்றி அதை உயிர்ப்பித்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அந்த ஆண்டுகளில் “வழக்கு முடியட்டும்” என்ற இரண்டு சொற்களால் நின்றுபோன கோப்புகள் என் மேசையில் இருந்தன. நில உடைமையாளர் பக்கமும் நியாயம் உண்டு. நெடுஞ்சாலையும் சிப்காட்டும் வந்தபின் திண்டிவனத்தைச் சுற்றி நிலத்தின் சந்தை விலை எங்கோ போய்விட்டது, பத்திரப்பதிவு வழிகாட்டி மதிப்பு பின்தங்கி நின்றது. ஆனால் நிலம் எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்காமல் விட்டதற்கும் ஏழைதான் விலை கொடுக்கிறார்.

கோப்பின் பயணத்தில் எனக்கு எப்போதும் நெஞ்சு படபடக்கும் கட்டம், ஏ1 நோட்டீஸ். ஒப்படை செய்யப்போகும் நிலத்தைப் பற்றி ஊரில் தண்டோரா போட்டு, சாவடியிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டி, ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று அறிவிப்பார்கள். சட்டம் கேட்பது நிலத்தைப் பற்றிய ஆட்சேபணை. வருவது ஆட்களைப் பற்றிய ஆட்சேபணை. ஆனால் யாரும் அப்படி எழுத மாட்டார்கள். திடீரென்று அந்தத் தரிசில் காலங்காலமாகக் கூத்து நடந்ததாக எழுதுவார்கள். அம்மன் தேர் திரும்பும் இடம் என்பார்கள். பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள் என்பார்கள். மரக்காணம் சாலையில் ஓர் ஊரில், வருவாய் ஆய்வாளர் விசாரணைக்கு வந்த அன்று, ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் மரியாதையாகவே சொன்னார்: “நாங்க குடுக்க வேணாம்னு சொல்லலம்மா. இங்க வேணாம்னுதான் சொல்றோம்.” பக்கத்தில் நின்ற இருளர் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்: “அப்ப எங்கன்னு கேளு தாயி. அவரயே கை காட்டச் சொல்லு.” பெரியவர் காட்டிய கை ஏரிப் பக்கம் நீண்டது.

ஏரிப் பக்கம் என்றால் என்ன பொருள் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஏரி உள்வாயில் யாருக்கும் பட்டா கிடைக்காது. 2001-லும் 2005-லும் வந்த தீர்ப்புகளும், 2007-இல் வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் அதை மூடிவிட்டன. அங்கே குடியிருந்தால் ஆக்கிரமிப்புக்கான பி மெமோ வரும், பிறகு காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ், பிறகு ஜேசிபி. ஊருக்கு நடுவே வேண்டாம், ஏரிக்கும் போகக்கூடாது என்றால் மூன்றாவது இடம் ஒன்றை யாராவது காட்டியாக வேண்டும். அந்த ஊரில் தாசில்தார், நாங்கள் கேட்ட தரிசையே காட்டினார். ஆட்சேபணை மனுக்களை ஒவ்வொன்றாக எடுத்து, புல வரைபடத்தை விரித்து வைத்து, தேர் திரும்பும் இடம் வேறு உட்பிரிவில் இருப்பதைக் காட்டி, “ஆட்சேபணை நிலத்துக்குப் பொருந்தவில்லை” என்று எழுதினார். ஒரு நல்ல அதிகாரியின் இரண்டு வரி, எங்கள் பல ஆண்டு வேலையைவிடக் கனமானது. அதே வேலையை வேறு ஒருவர் இழுத்தடித்து மாறுதலில் போனதையும் பார்த்திருக்கிறேன்.

நகரத்துக்குள் கதை வேறு. விழுப்புரம் நகராட்சிக்கு 42 வார்டுகள், திண்டிவனத்துக்கு 33. இரண்டிலும் காலி இடம் கண்ணில் படும். ஆனால் நகரத்தில் இடத்தைப் பார்ப்பதைவிட டவுன் சர்வே பதிவேட்டைப் பார்ப்பது முக்கியம். நகராட்சி இடம் என்று ஊரே சொல்லும் நிலம், பதிவேட்டில் அரசுப் புறம்போக்காக இருக்கும். அப்போது நகராட்சி ஆணையரிடம் நடந்து பயனில்லை, வருவாய்த்துறைக்குத்தான் போக வேண்டும். சில இடம் உண்மையிலேயே நகராட்சிக்குச் சொந்தமாக இருக்கும். அதைக் கொடுக்க மன்றத் தீர்மானம் வேண்டும், அதன்பின் மேலிட அனுமதி வேண்டும். இன்னும் சில, மனைப்பிரிவு போட்டவர்கள் பூங்காவுக்கென்று தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தவை. பெரிய மனைப்பிரிவுகளில் பத்து சதவீதம் அப்படி விடப்பட்டிருக்கும். பூங்கா கட்டாமல் முள் மண்டிக் கிடந்தாலும் அதில் வீடு கேட்கக்கூடாது. கேட்டால் தோற்போம், தோற்கவும் வேண்டும். ஏழைப் பிள்ளைகளுக்கும் பூங்கா வேண்டும்.

மன்றத் தீர்மானம் என்று எளிதாக எழுதிவிட்டேன். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் 2022 பிப்ரவரி வரை தமிழ்நாட்டின் நகராட்சிகளில் மன்றமே இல்லை. தனி அலுவலர்கள் கையெழுத்தில் நகரங்கள் நடந்தன. தெருவிளக்கும் குடிநீரும் ஓடும், நிலம் கொடுப்பது போன்ற பெரிய முடிவை எந்தத் தனி அலுவலரும் தன் தலையில் போட்டுக்கொள்ள மாட்டார். உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போனதைப் பற்றிப் பேசியவர்கள் அரசியல் பேசினார்கள். வீட்டுமனைக் கோப்புகள் கிடந்த கிடையைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த ஆண்டுகளில் நகரத்தின் தூய்மைப் பணியாளர் குடும்பங்கள், தாத்தா காலத்தில் ஒதுக்கிய ஒற்றை அறை வரிசைகளில் மூன்றாம் தலைமுறையாக நெருக்கியடித்துக் கிடந்தன. இடம் நகராட்சிக்கு, கூரை நகராட்சிக்கு, ஒழுகல் மட்டும் அவர்களுக்கு.

இன்னொரு பூட்டு, பெல்ட் ஏரியா. பெருநகரங்களையும் நகராட்சிகளையும் சுற்றிக் குறிப்பிட்ட கிலோமீட்டருக்குள் அரசு நிலத்தை ஒப்படை செய்யக்கூடாது என்ற தடை 1960-களிலிருந்து இருந்து வந்தது. சென்னைக்கு அது 32 கிலோமீட்டர். நகரம் வளர நிலம் மிச்சமிருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். வளர்ந்த நகரத்தில் கூலிவேலை செய்பவர் எங்கே தங்குவார் என்று அந்தத் தடை கேட்கவில்லை. 2025 பிப்ரவரியில் அமைச்சரவை, இந்தப் பகுதிகளில் நெடுங்காலமாக ஆட்சேபணையற்ற புறம்போக்கில் குடியிருக்கும் ஏறத்தாழ 86,000 பேருக்குப் பட்டா தர முடிவெடுத்தது. நல்ல முடிவு. ஆனால் அது ஏற்கெனவே வீடு போட்டுக் குடியிருப்பவருக்கு. இடம் இல்லாமல் ரயிலடி ஓரத்தில் தார்ப்பாய் கட்டியிருப்பவரின் மனு இன்னும் பழைய வரிசையில்தான் நிற்கிறது.

எங்கள் வேலையில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் எல்லோரும் ஒருநாள் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள்: “அக்கா, இடத்த நம்ம அறக்கட்டளை பேர்ல வாங்கிட்டா நாமளே வீடு கட்டிக் குடுக்கலாமே?” வழி இல்லாமல் இல்லை. வருவாய் நிலை ஆணை 24, அரசு நிலத்தை ஓர் அமைப்புக்கு உரிமை மாற்றம் செய்வதைச் சொல்கிறது. 24-அ குத்தகையைச் சொல்கிறது. உரிமை மாற்றம் என்றால் பெரும்பாலும் சந்தை விலை கட்ட வேண்டும். குத்தகை என்றால் தொகை சந்தை மதிப்பை ஒட்டிக் கணக்கிடப்படும், காலம் முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும், நிபந்தனை மீறினால் நிலம் திரும்பிப் போகும். மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் அது பொருந்தலாம். குடும்பங்களின் தலைக்கு மேலே புதுப்பிக்க வேண்டிய ஒரு தேதியைத் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை. நிலை ஆணை 21 வீட்டுமனையைப் பற்றியது. அதன்படி பட்டா நேராகக் குடும்பத்துக்கு வரும், பெரும்பாலும் பெண்ணின் பெயரில். ஊரகத்தில் மூன்று சென்ட், நகராட்சியில் ஒன்றரை, மாநகராட்சியில் ஒன்று. எங்கள் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்திருக்கிறேன்.

மாற்றுக் கருத்து உண்டு என்பதும் தெரியும். அமெரிக்காவின் பர்லிங்டன் நகரத்தில் 1984-இல் நகராட்சியே பணம் போட்டு ஒரு சமூக நில அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தது. நிலம் அறக்கட்டளையிடம், வீடு குடும்பத்திடம். வீட்டை விற்றாலும் நிலம் சந்தைக்குப் போகாது. பாஸ்டனின் டட்லி தெருவில் 1988-இல் ஒரு குடியிருப்போர் அமைப்புக்கு, காலி மனைகளைக் கட்டாயமாக எடுக்கும் அதிகாரத்தையே கொடுத்தார்கள். தாய்லாந்தில் 2003-இல் தொடங்கிய பான் மன்கோங் திட்டத்தில் குடிசைவாசிகள் கூட்டுறவாகச் சேர்ந்து அரசு நிலத்தை நீண்ட குத்தகைக்கு எடுக்கிறார்கள். இங்கே நாகப்பட்டினத்தில் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981-இல் தொடங்கிய லாஃப்டி, நிலவுடைமையாளரோடு பேசி விலை முடித்து, கடனும் மானியமும் திரட்டி, ஆயிரக்கணக்கான ஏக்கரை வாங்கி, தலித் பெண்களின் பெயரில் பதிந்து கொடுத்தது. அமெரிக்க முறையில் ஓர் உண்மை இருக்கிறது. பட்டா கையில் வந்த சில வருடங்களிலேயே அதை அடகு வாங்க வட்டிக்காரர் வந்து நிற்பதை நானும் கண்டிருக்கிறேன். விற்கக்கூடாது என்ற நிபந்தனை பட்டாவிலேயே இருக்கிறது, அவர் அதை மதிப்பதில்லை. ஆனாலும், தலைமுறை தலைமுறையாக இன்னொருவர் நிலத்தில் குடியிருந்த ஒரு பெண்ணிடம் “நிலம் எங்கள் பெயரில் இருக்கட்டும், அதுதான் உனக்குப் பாதுகாப்பு” என்று சொல்ல நான் யார்? கிருஷ்ணம்மாளின் வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

பட்டா கொடுக்கும் விழா நடக்கும், மாலை, பேச்சு, புகைப்படம் எல்லாம் இருக்கும். அன்றோடு வேலை முடிந்ததென்று நினைப்பவர்கள் இந்தத் துறைக்குப் புதியவர்கள். காகிதத்தில் மனை எண் இருக்கும், தரையில் மனை இருக்காது. பட்டா வாங்கிப் பத்து வருடம் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்து, இடம் எதுவென்றே தெரியாமல் இறந்துபோனவர்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. அதனால் நாங்கள் விழாவுக்குப் போகிறோமோ இல்லையோ, அளவைக்குத் தவறாமல் போவோம்.

ஓர் அளவை நாளைச் சொல்கிறேன். வானூர் வட்டத்தில் ஒரு கல்லாங்குத்து. முப்பது குடும்பம், ஆளுக்கு மூன்று சென்ட் என்றால் 90 சென்ட். பாதைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் விட்டு ஒன்றேகால் ஏக்கர் வாங்கியிருந்தோம். முந்தின வாரமே பெண்கள் அரிவாளோடு இறங்கி வேலிக்காத்தான் முள்ளை வெட்டிக் குவித்திருந்தார்கள். முள் இருந்தால் சர்வேயர் எல்லைக்கல் வரை போக மாட்டார், “க்ளியர் பண்ணிட்டுக் கூப்பிடுங்க” என்று திரும்பிவிடுவார். அன்று அவர் வந்தார், புல வரைபடத்தை மண்ணில் விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தார். முதலில் பழைய முச்சந்திக் கல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். அது கிடைக்காமல் எதையும் அளக்க முடியாது. தலையாரி ஓரிடத்தைக் காட்டினார், இல்லை. ஓர் இருளர் இளைஞன் எலிவளை பார்க்கும் கண்ணோடு தரையைப் பார்த்துக்கொண்டே நடந்து, கரையான் புற்றோரம் கடப்பாரையால் தட்டினான். கல்லில் பட்ட ஓசை. தோண்டியதும் மேலே அம்புக்குறி வெட்டிய கருங்கல். அதிலிருந்து சங்கிலி ஓடியது. சர்வேயர் எண்களைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மேற்கு எல்லையில் பக்கத்து நிலக்காரரின் மணிலா, வரைபடத்தைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. அவர் சத்தம் போட்டார். சர்வேயர் நிமிரவே இல்லை, “அறுவடை பண்ணிக்குங்க, அடுத்த பட்டத்துக்கு உள்ள தள்ளிக்குங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லுக்குப் போனார். வெயில் இறங்குவதற்குள் முப்பது மனைக்கும் முளை அடித்தாயிற்று. சீட்டுக் குலுக்கியதில் சகோதரிகள் இருவர் ஆளுக்கொரு கோடிக்குப் போய்விட, பக்கத்து மனைக்காரி கேட்காமலேயே மாற்றிக்கொண்டாள். மாற்றிய மனை எண்ணை அன்றே தாசில்தார் அலுவலகக் கோப்பில் ஏற்றியாக வேண்டும். வாய்வார்த்தையில் விட்டால் வீட்டுக்கு மானியம் வரும்போது பெயர் இடிக்கும்.

மனைக்குப் போகும் பாதையை எப்போதும் தனியாகப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு பட்டா நிலம் குறுக்கிட்டால் போதும், சிமென்ட் லாரி போகாது, ஆம்புலன்ஸ் போகாது, பிணமும் போகாது. பாதை இல்லாத இடத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று மக்களையே எழுதிக் கொடுக்கச் சொல்வேன். மனை கேட்டு எங்களோடு வரும் பெண்கள் இதில் என்னையும் மிஞ்சிவிட்டார்கள். காட்டும் இடத்தில் முதலில் நின்று நாலு பக்கமும் பார்த்து, “சார், தண்ணி லாரி எப்பிடி வரும்?” என்று அவர்களே கேட்கிறார்கள்.

பிறகு 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. தென்பெண்ணையும் சங்கராபரணியும் கரை மீறின. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையில் ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவு தாண்டி, ரயில்கள் நின்றன. விழுப்புரம் நகரத்தின் தாழ்வான பகுதிகள் எல்லாம் ஏரியாயின. அவற்றில் பல, பழைய பதிவேட்டில் ஏரியாகவே இருந்தவை. புதிய பேருந்து நிலையத்தில் ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் நிற்பது ஊரறிந்த விஷயம். அரசே தன் கட்டடத்தை ஏரிப் பகுதியில் கட்டிக்கொண்டால், அங்கிருந்து ஏழையை மட்டும் எழுப்புவதற்கு என்ன நியாயம் என்று கேட்கத் தோன்றும். நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த வாரம் நாங்கள் சோற்றுப் பொட்டலத்தோடு இடுப்பளவு தண்ணீரில் போன குடிசைகள் எல்லாம் ஏரி வாய்க்காலிலும் ஓடைப் புறம்போக்கிலும் இருந்தவை. நாங்கள் பட்டா வாங்கிக் கொடுத்த கல்லாங்குத்து மனைகளில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறவில்லை. மேட்டு நிலத்தை விடாமல் கேட்டதற்கு அதைவிடப் பெரிய காரணம் எனக்கு வேண்டியதில்லை.

அதிலிருந்து எங்கள் தேடல் முறை மாறியிருக்கிறது. தரிசு என்று அ-பதிவேட்டில் இருந்தால் மட்டும் நாங்கள் எழுதுவதில்லை. இந்தப் பதிவேடு 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் எனும் நில ஆவணப் புதுப்பிப்பை ஒட்டி எழுதப்பட்டது. அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டில் அதே எண் குட்டையாகவோ ஓடையாகவோ இருக்கலாம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டிலும் தரையாக இருந்தால்தான் மனுவில் சேர்க்கிறோம். நீதிமன்றத்தில் யாராவது பழைய நகலைக் கொண்டுவந்து வைத்தால் பட்டா ரத்தாகிவிடும், கட்டிய வீடு இடிபடும். அதைவிட, மழை வந்தால் தண்ணீர் தன் பழைய இடத்துக்கு வரும்.

2023 நவம்பரில் தொடங்கிய பிரதமர் ஜன்மன் திட்டத்தில், இருளர் உள்ளிட்ட தொல்பழங்குடியினருக்கு வீடு ஒதுக்கப்படுகிறது. மாநில அரசும் கூடுதல் தொகை சேர்த்தது. மறுபடியும் பணம் வந்திருக்கிறது, மறுபடியும் மனை கேட்கிறார்கள். திண்டிவனம், மரக்காணம், வானூர், செஞ்சி வட்டங்களில் இன்னும் மனை இல்லாத குடும்பங்களின் பட்டியலை இளைஞர்கள் ஊர் ஊராகப் போய் எடுத்திருக்கிறார்கள். வரும் ஜமாபந்தியில் அதை வட்டம் வாரியாகப் பிரித்துக் கொடுக்கிறோம். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தாள், அதில் குடும்பங்களின் எண்ணிக்கை, நாங்கள் கேட்கும் புல எண், பரப்பு, இரண்டு பதிவேடுகளின் நகல், பாதை இருப்பதைக் காட்டும் வரைபடம், ஃபெஞ்சல் மழையன்று அந்த இடம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு புகைப்படம்.